அண்ணன் ஓட்டினால் விழும் கியர்

வண்டி வாங்கிய ஏழு மாதத்தில் நான்காவது முறையாகப் பாப்பா அதைத் தன் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பாப்பாவுக்கு வயது நாற்பத்துமூன்று. காதோரம் நரை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் பதினெட்டு வருடமாக அடுத்தவர்களின் முட்டியையும் இடுப்பையும் மடக்கி நீட்டிக்கொண்டிருப்பவள். ஆனாலும் வீட்டில் கடைக்குட்டி. சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பட்டறையில் டயர் கழற்றுகிறவர்கள்கூட "பாப்பா வந்திருக்காங்க" என்றுதான் அண்ணனிடம் சொல்வார்கள்.

வண்டி ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆறு கியர், ஆறும் கையால் போட வேண்டியவை. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து ஆசைப்பட்டு, மூன்று பேர் கை மாறி வந்ததானாலும் பரவாயில்லை என்று வாங்கினாள். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இதுக்கு மேல போனா ஏறி இறங்க முடியாது, அதான் இப்பவே" என்று பதில் சொல்லி வாயை அடைத்திருந்தாள்.

அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு போய், பட்டறைக்குப் பின்னால் உள்ள சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"வாழைப்பழத்துல ஊசி எறங்குற மாதிரி விழுது பாப்பா. இதுல என்ன குறை கண்ட?"

"இப்ப விழும். ஜாம்ல நின்னு நின்னு போனாத்தான் விழாது. முப்பது நாப்பது நிமிஷம் ஆச்சுன்னா ஒண்ணாவது கியர் கல்லு மாதிரி நிக்குது. ரிவர்ஸ் போட்டா கறகறன்னு அரைக்குது. கொஞ்ச நேரம் நிறுத்திட்டு எடுத்தா சரியாயிடுது. இதை நான் உன்கிட்ட எத்தனை தடவை சொல்றது?"

"நானும் எத்தனை தடவை பாக்குறது?"

அதுவும் பொய்யில்லை. முதல் தடவை கியர் ஆயிலை மாற்றினார். இரண்டாவது தடவை கியர் கம்பியின் அடியில் இருந்த புஷ் எல்லாவற்றையும் மாற்றினார். மூன்றாவது தடவை கியர்பாக்ஸையே இறக்கி, நான்கு நாள் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்று மூடினார்.

"நீ கிளட்ச்ச முழுசா மிதிக்கிறதில்ல. கால் எட்டல உனக்கு."

"ஒரு நாளைக்கு இருபது பேரோட காலை அளக்குறேன் அண்ணா. என் கால் எட்டுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துச் சிரித்தார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

பாப்பா சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பல் வலி என்று டாக்டர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே வலி போய்விடுமே, அந்தக் கதைதான். பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. ஜாமைத் தாண்டி, காலியான சாலையில் கால்மணி நேரம் ஓடி அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி உத்தமி வேஷம் போட்டுவிடும். வேறு பட்டறைக்குக் கொண்டுபோகலாமென்றால், சொந்த அண்ணன் இருக்கும்போது வெளியாளிடம் போனாள் என்று குடும்பத்தில் ஒரு வருடம் பேசுவார்கள்.

வீட்டில் அவள் கணவர் அண்ணனுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாக வருவார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நீ ரொம்பப் பயந்து ஓட்டுற. தைரியமா போடு, தானா விழும்."

"கியருக்கு என் தைரியம் எப்படிங்க தெரியும்?"

"நல்லதுக்குச் சொன்னா உனக்குக் கோவம் வருது."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உள்ள பாலத்தின் நட்டநடுவில், வண்டி ஒரேயடியாக நின்றது. முன்னால் உள்ள வண்டி நகர்ந்துவிட்டது. கிளட்சைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தள்ளுகிறாள், தள்ளுகிறாள், அது போகவில்லை. பின்னால் ஹாரன். இடது பக்கம் ஹாரன். என்ஜினை அணைத்து, கியரைப் போட்டு, மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார். தள்ளியவர் சும்மா போயிருக்கலாம். "வீட்ல யாரையாவது அனுப்பச் சொல்லும்மா, ஓட்டத் தெரிஞ்சவங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். முட்டி மாற்று ஆபரேஷன் ஆன இரண்டு பேர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் ஆத்திர அழுகை.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பட்டறை வாசலில், கேட்டுக்குக் குறுக்காக வண்டியை நிறுத்தி இறங்கிப் பூட்டினாள். உள்ளேயிருந்து ஒரு வண்டியும் வெளியே வர முடியாது.

"என்ன பாப்பா இது? கஸ்டமர் வண்டி நிக்குது, எடு."

"நீ இதுல ஏறி உக்காந்தா எடுக்குறேன். பாலத்துல இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குறோம். அதுவரைக்கும் என்கூட வர்ற."

"எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு."

"எனக்கும் கெடந்துச்சு, காலைல."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, முனகிக்கொண்டே, அந்தத் தாழ்ந்த சீட்டில் தன்னைத் திணித்துக்கொண்டார்.

பாலத்தில் முதல் இருபத்தைந்து நிமிடம் வண்டி தங்கமாக நடந்துகொண்டது. அண்ணன் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். குதிகாலைத் தரையில் வை, கம்பியை இறுக்காதே, சும்மா ரெண்டு விரலால் தள்ளு. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். வண்டி மக்கர் பண்ண வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்து இது நல்ல பிள்ளையாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், சாகும்வரை இந்தப் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

முப்பத்தைந்தாவது நிமிடம் ஒன்றாவது கியர் விழவில்லை.

"முழுசா மிதி."

"மிதிச்சிருக்கேன். குனிஞ்சு பாரு."

அண்ணன் குனிந்து பார்த்தார். மிதி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "நகரு, நான் ஓட்டுறேன்."

நடுப்பாலத்தில் இருவரும் இறங்கி, வண்டியை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்து, இடம் மாறி உட்கார்ந்தார்கள். அண்ணன் மிதித்தார். கம்பியைத் தள்ளினார். இரண்டு விரல் போய் முழுக் கை வந்தது. அப்புறம் தோளும் வந்தது. கம்பி அசையவில்லை. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பின்னாலிருந்த வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், கியர் போடத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா இந்த வண்டி?"

முப்பது வருடமாகக் கியர்பாக்ஸோடு குடும்பம் நடத்தியவரைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. பாப்பாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு மாதமாக அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வார்த்தைகள்.

அண்ணன் கிளட்சை வேகமாக நான்கு தடவை மிதித்து மிதித்து விட்டார். கியர் விழுந்தது. பாலம் முடிந்து முதல் காலி இடம் வந்ததும் ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல், மிதியைக் காலால் லேசாக அழுத்திப் பிடித்தார். அது அவர் காலுக்கடியில் மெல்ல, தானாகவே கீழே இறங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி இறங்கியது.

"கியர்பாக்ஸ் இல்ல பாப்பா. மிதிச்சா ஆயிலைத் தள்ளுமே, கிளட்ச்சோட மாஸ்டர் சிலிண்டர், அது. உள்ள ரப்பர் வாஷர் போயிருக்கு. சூடு ஏறினா ஆயில் பிரஷர் நிக்காம வாஷரைத் தாண்டிப் பின்னாலயே வந்துடுது. கிளட்ச் முழுசா விடாது, கியர் விழாது. வெளியில ஒழுகாது, அளவும் குறையாது. அதான் எனக்குத் தெரியல."

"மிதி தானா கீழ போகுதுன்னு ரெண்டாவது தடவை வந்தப்பவே சொன்னேன்."

"நீ கியர் விழலன்னுதான சொன்ன?"

"ரெண்டும் சொன்னேன் அண்ணா. நீ ஒண்ணுதான் கேட்ட."

அவர் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. கியர்பாக்ஸ் நான்கு நாள் பிரிந்து கிடந்த பட்டறையில் இது ஒரு மணி நேர வேலை. பழைய வாஷர் ஊறிப் போய், விளிம்பு பிய்ந்திருந்தது. அதை ஒரு துணியில் வைத்து அவளிடம் காட்டிவிட்டு, அண்ணன் அவள் கணவருக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, ஒரு வழியா கண்டுபிடிச்சுட்டேன். ரொம்பத் தண்ணி காட்டிடுச்சு."

பாப்பா கையைக் கட்டிக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றாள். அண்ணன் அவளை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல மாப்பிள்ளை, அவ ஓட்டுறதுல ஒண்ணுமில்ல. வண்டியிலதான் கோளாறு... நீங்க காலி ரோட்டுல ஓட்டினீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" கொஞ்சம் தயங்கினார். "நானும் அப்படித்தான் ஓட்டியிருக்கேன்."

போனை வைத்துவிட்டு, சாவியை அவளிடம் நீட்டினார்.

சாயங்காலம் பாலத்தில் ஐம்பது நிமிடம். ஒன்று, இரண்டு, ஒன்று, நியூட்ரல், ஒன்று. எல்லாம் சொன்னபடி விழுந்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் பாப்பா வழி நெடுக அண்ணனிடமும், கணவரிடமும், அந்த லாரி டிரைவரிடமும் சொல்லாமல் விட்டதையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் உள்ளே போக மனமில்லை. போன் அடித்தது. அண்ணன்தான்.

"எப்படி இருக்கு பாப்பா?"

"நான் சொன்னா நீ நம்பவா போற? காலைல ஜாம்ல வந்து உக்காந்து நீயே பாத்துச் சொல்லு."

பேச்சை வெட்டிவிடத்தான் அப்படிச் சொன்னாள்.

"சரி," என்றார் அண்ணன். "எத்தனை மணிக்கு வரணும்?"