வீட்டுக்குச் சொந்தமான பெயர்

கல்லறைக் கல் செதுக்கும் லீலண்ட் என்னை அழைத்தபோது நான் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நேடின், உங்கம்மா கல்லுல பேர மாத்தச் சொல்லி உங்கண்ணன் நேத்து போன் பண்ணான். நியூஹவுஸ் இல்லையாம், நீஹவுஸாம். நாப்பது வருசமா உங்க வீட்டுத் தபால் பெட்டியப் பாத்துக்கிட்டுதான் போறேன், அதுல அப்படி இல்லையே. வெட்டிட்டா வெட்டினதுதான், அப்புறம் அழிக்க முடியாது. அதான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

எதையும் வெட்டாதே, நான் சொல்லும்வரை உளியைத் தொடாதே என்றேன். அவன் இப்போதெல்லாம் உளியால் செதுக்குவதில்லை, இயந்திரம்தான் என்று விளக்க ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன்.

அம்மா பிப்ரவரியில் போனாள். மே மாதக் கடைசியில் ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் வரும், அதற்கு முன் கல்லை நட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்பா வாய் திறந்து சொன்ன விஷயம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல். இடப்பக்கம் வெர்னா, வலப்பக்கம் எல்ராய், மேலே நடுவில் பெரிய எழுத்தில் நியூஹவுஸ். இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கு என் அண்ணன் கர்ட்டிஸைத் தெரியாது.

கர்ட்டிஸ் கான்சஸ் சிட்டியில் முப்பத்தைந்து வருடம் காப்பீடு விற்றவன். ஓய்வு பெற்ற மறுவாரம், வம்சம் எங்கிருந்து வந்தது என்று சோதித்துச் சொல்வார்களாம், ஒரு குழாயில் எச்சில் துப்பி எங்கோ அனுப்பினான். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். அப்பாவுடைய தாத்தாவின் தாத்தா ஹைன்ரிக் 1846இல் கப்பலேறி மிசூரிக்கு வந்தவர், ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் பக்கத்து ஒரு கிராமத்துக்காரர், அங்கே அவர் பெயர் நீஹவுஸ் என்று கண்டுபிடித்தான். நீஹவுஸ் என்றாலும் புது வீடுதான், நியூஹவுஸ் என்றாலும் புது வீடுதான். முதல் உலகப்போர்ச் சமயத்தில் அப்பாவின் தாத்தா அதை ஆங்கிலமாக்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் கதை அங்கே முடிந்தது. அவனுக்கு அங்கேதான் தொடங்கியது. முப்பது பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதுவான், கீழே கர்ட்டிஸ் நீஹவுஸ் என்று கையெழுத்திடுவான். நான் பேருந்தில் ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்து, ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டில் மை கொட்டிய கதையைச் சொல்வான். குடும்பச் சின்னம் என்று ஒரு சிங்கத்தை வாங்கி அத்தனை பேருக்கும் சட்டை அடித்துக் கொடுத்தான். அதே கடையில் அதே சிங்கத்தை மில்லர் குடும்பத்துக்கும் விற்றிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்பா தன் சட்டையை டிராக்டருக்கு எண்ணெய் மாற்றும்போது மட்டும் போட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை வந்தான். அப்பாவின் சமையலறை மேசை முழுக்கக் காகிதங்களை விரித்தான். அப்பா தன் பீச் பழக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதாயிற்று.

"யாரைக் கேட்டு லீலண்டுக்கு போன் பண்ண?" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நூறு வருசமா ஒரு தப்பச் சுமந்துக்கிட்டிருக்கோம். கல்லு இன்னும் இருநூறு வருசம் நிக்கும். அதுலயாவது சரியா இருக்கட்டும்."

"அம்மா ஆர்கன்சாஸ்காரி. ஜெர்மன்காரங்க புளிச்ச முட்டைக்கோஸ் வாசனைக்கே ஜன்னலத் திறந்து வைப்பா. அவ தலைமேல கொண்டுபோய் ஜெர்மன் பேர எழுதுவியா?"

"அவ இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. வீட்டோட பேருதான் அவ பேரு."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பேசப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். "அந்தப் போர் நடந்தப்ப எங்கப்பாவுக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து பாத்தா ஜெர்மன்காரன்னு குத்திக்காட்ட களஞ்சியக் கதவு பூரா மஞ்சப் பெயின்ட். ஊத்தினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அவங்க வீட்டுக்குத்தான் பால் கொண்டு போகணும். எங்கப்பா செங்கல்லப் போட்டுத் தேய்ச்சு விரல்ல தோலு போயிருச்சு. அந்த வாரமே தாத்தா கோர்ட்டுக்குப் போயி பேர மாத்திட்டு வந்தாரு."

"அதத்தான்பா நானும் சொல்றேன். பயந்து மாத்தினது. இப்ப யாருக்குப் பயம்?"

"பயந்துதான் மாத்தினாரு," என்றார் அப்பா. "அப்புறம் அதுலயே வாழ்ந்தாரு."

எனக்கு அது போதுமாக இருந்தது. கர்ட்டிஸுக்கு எதுவுமே போதுமாக இருப்பதில்லை. இன்னொரு காகிதத்தை எடுத்தான். நான் அதைப் பிடித்து மூடினேன். அவன் முகம் சிவந்தது. "உனக்கு இதுல பேச்சே கிடையாது, நேடின். நீ பர்விஸ்."

உண்மைதான். என் கணவன் ராட்னி பர்விஸ் என்னை விட்டு டல்சாவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. பெயரை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓட்டுநர் உரிமம், வங்கி, பள்ளி அலுவலகம், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம். தவிர, பேருந்தில் ஏறும் பிள்ளைகளுக்கு நான் மிஸ் பர்விஸ். தாய் தகப்பன் பெயர் சொல்லத் திணறும் ஐந்து வயதுப் பொடிசுகூட அதைத் தெளிவாகச் சொல்லும். இதற்கெல்லாம் என் அண்ணனுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமா? அதனால் வேறொன்றைச் சொன்னேன்.

"அம்மா போறப்ப அந்த ரூம்ல இருந்தது ஒரே ஒரு பர்விஸ்தான். நீஹவுஸ் யாரும் வரல. ஒருத்தர் இண்டியானாவுல லைப்ரரில உக்காந்து கப்பல் பட்டியல் படிச்சுக்கிட்டிருந்தாரு."

அவன் காகிதங்களை அடுக்கினான், ஓரங்களைத் தட்டிச் சரி செய்தான், மறுபடி கலைத்து அடுக்கினான். பிறகு போய்விட்டான். கார் சரளைக்கல் பாதையில் திரும்பியதும் அப்பா மடியிலிருந்த கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"அதச் சொல்லியிருக்க வேணாம்."

"சொல்லணும்னு நெனைக்கலப்பா."

"நெனச்ச. பிப்ரவரிலேர்ந்து நெனச்சுக்கிட்டிருக்க."

அதன்பின் பத்து நாள் எந்த மின்னஞ்சலும் இல்லை, காலை அழைப்பும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். லீலண்ட் மட்டும் இரண்டு முறை அழைத்தான். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் மே மாதத்துக்குள் கல் முடியாது என்றான். அந்தத் திங்களுக்கு முந்தின புதன்கிழமை மதியம் அப்பாவின் தபால் பெட்டியில் ஜெர்மன் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று கிடந்தது. கர்ட்டிஸ் எல்லோருக்கும் அப்பாவின் முகவரியைத்தான் கொடுத்து வைத்திருக்கிறான். கடிதம் பண்ணைக்கு வந்தால்தான் பொருத்தமாம். நீஹவுஸ் குடும்பத்தாருக்கு என்று எழுதியிருந்தது. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, வண்டிச் சாவியால் உறையைக் கிழித்தேன்.

அந்த ஜெர்மன் கிராமத்தில் தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெட்விக் லுட்மன் என்ற அம்மாள் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முதல் வரியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. 'இந்த வருடத்தில் எனக்கு எழுதிய ஒன்பதாவது அமெரிக்கர் நீங்கள். மற்ற எட்டுப் பேருக்கும் எழுதியதையே உங்களுக்கும் முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் விவசாயிகளிடம் குடும்பச் சின்னம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெயர் மனிதருக்குச் சொந்தமானதல்ல, வீட்டுக்குச் சொந்தமானது. யார் அந்தப் பண்ணையில் திருமணம் செய்துகொண்டு வந்து குடியேறுகிறாரோ, ஆணானாலும் பெண்ணானாலும், பண்ணையின் பெயரே அவர் பெயர்.'

பிறகு விஷயத்துக்கு வந்திருந்தார். நீஹவுஸ் பண்ணைக்கு வாரிசு அன்னா மர்கரேதா என்ற பெண். அவளுடைய முதல் கணவன் ஒரு சின்ன மகனை விட்டுவிட்டு இறந்துபோனான். அவள் தன் பண்ணையிலேயே கூலிக்கு இருந்த ஹைன்ரிக் டீமன் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் ஹைன்ரிக் நீஹவுஸ். மூன்று வருடத்தில் அவளும் போய்விட்டாள், அவனுக்குக் குழந்தை பெறாமலே. மகன் வளரும்வரை பண்ணையை அவன் பார்த்துக்கொண்டான். மகனுக்கு வயது வந்ததும் பண்ணை மகனுடையதாயிற்று. ஹைன்ரிக் அங்கே வேலை செய்த ஒரு பெண்ணை மணந்துகொண்டு அவளோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். 'நீங்கள் அந்த இரண்டாவது பெண்ணின் வழியில் வந்தவர்கள். ஆகவே நீஹவுஸ் ரத்தம் உங்களிடம் இல்லை. ஏமாற்றமாக இருந்தால் வருந்துகிறேன். பண்ணைவீட்டின் படம் கேட்டிருந்தீர்கள். அது 1911இல் எரிந்துவிட்டது. இப்போது அங்கே தீவனக் கிடங்கு.'

தபால் பெட்டியின் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். நான்கு வருட மின்னஞ்சல், சட்டை, சிங்கம், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்தேன். கர்ட்டிஸை அழைத்து, ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, வா என்று மட்டும் சொன்னேன். அவன் வருவதற்குள் சொல்ல வேண்டியதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'வாங்க மிஸ்டர் டீமன், உக்காருங்க.'

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டான். தலைகூடச் சீவவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. உறை ஏற்கெனவே கிழிந்திருப்பதைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல், பாத்திரம் கழுவும் தொட்டியோரமாக நின்று படித்தான். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தான். இரண்டாவது முறை படிக்கும்போது உதடுகள் அசைந்தன. சிறு வயதில் மதிப்பெண் அட்டையை அப்படித்தான் படிப்பான். தயாராக வைத்திருந்த வாக்கியம் என் வாயிலேயே கிடந்தது.

"ஒரு சொட்டு கூட இல்ல," என்றான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நாலு வருசம், நேடின். அன்னிக்கு நான் அங்க உக்காந்து..."

"என்னன்னு எனக்கும் படிங்க," என்றார் அப்பா. நான் படித்தேன். கிண்டலாகப் படிக்க நினைத்த இடங்களிலும் சாதாரணமாகத்தான் குரல் வந்தது.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்ப, பண்ணையாளு."

"ஆமா."

"பண்ணை கைவிட்டுப் போனப்புறம் அந்தப் பேர விட்டிருக்கலாமே. இங்க வந்து எறங்கினா யாருக்குத் தெரியப் போகுது?"

"கப்பல் சீட்டு, பாதிரியார் சான்று, எல்லாக் காகிதத்துலயும் அப்படித்தான் இருந்திருக்கும்," என்றான் கர்ட்டிஸ், தரையைப் பார்த்தபடி.

"மாத்தறதுக்கு அலுப்பா இருந்திருக்கும்," என்றேன். எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

அப்பா தலையை ஆட்டினார். "இல்ல. அந்த அன்னாவ அவருக்குப் பிடிச்சிருந்திருக்கும்."

அதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஆதாரம் கிடையாது. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். முதுகைக் காட்டியபடியே, "லீலண்டுக்கு போன் போடு. நியூஹவுஸ். வெர்னா அறுபத்திமூணு வருசம் கையெழுத்துப் போட்டது அதுலதான்," என்றார்.

"சரிப்பா. அடியில மட்டும் சின்னதா, முன்னாடி டீமன்னு..."

"டேய்."

கர்ட்டிஸ் வாயை மூடிக்கொண்டான். அறுபத்திரண்டு வயது.

கல் நட்ட அன்று காலையில் தூறிவிட்டு விட்டிருந்தது. லீலண்டின் கிரேன் வண்டி போனபின் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா கல்லின் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தன் பெயரையும், பிறந்த வருடமான 1935ஐயும், அதற்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தையும் பார்த்தார். நல்லா வெட்டியிருக்கான் என்று சொல்லிவிட்டு டிரக்கில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தலை மறைந்ததும் கர்ட்டிஸ் என் பக்கம் நெருங்கினான்.

"டீமன் வீட்டுல அஞ்சு புள்ளைங்க, நேடின். நம்ம ஹைன்ரிக் மூணாவது. அந்த லுட்மன் அம்மாவுக்கு மறுபடி எழுதியிருக்கேன், இவங்க வேற கிராமத்துலேர்ந்து வந்திருக்கணும், ஏன்னா..."

"கர்ட்டிஸ், இன்னிக்கு இந்தக் கல்லு முன்னாடி அந்தப் பேச்ச எடுத்த, உன்ன இங்கயே பொதைச்சிட்டுப் போயிடுவேன்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. கல்லின் முன் முட்டி போட்டான், ஈரம் கால்சட்டையில் ஏறுவதைப் பொருட்படுத்தாமல். எழுத்துகளின் பள்ளத்தில் கல்தூள் சாம்பல் நிறச் சேறாகத் தங்கியிருந்தது. கைக்குட்டையின் நுனியை முறுக்கி, அம்மாவின் பெயரை முதல் எழுத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தான். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று எழுத்து முடித்திருப்பான்.

"அன்னிக்கு அவ என்ன சொன்னா?" என்றான், திரும்பாமல்.

1846இல் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நின்றது என்று தெரிந்தவன். மூன்று மாதமாக இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கென்று என்னிடம் கடுமையான பதில்கள் நிறைய இருந்தன. ஒன்றும் அந்த நேரத்துக்கு அகப்படவில்லை.

"என்ன கெழமைன்னு கேட்டா. செவ்வாய்னேன். இல்ல வியாழன்னு சண்டைக்கு வந்துட்டா. நர்ஸ் வந்து சொல்லியும் கேக்கல. கடைசில நானும் வியாழன்னு ஒத்துக்கிட்டேன்."

"அன்னிக்கு என்ன கெழமை?"

"செவ்வாய்தான்."

அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. டிரக்கிலிருந்து அப்பா ஒரு முறை ஹாரன் அடித்தார். நான் ஈரப் புல்லில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றான் கர்ட்டிஸ். கைக்குட்டை நுனி எழுத்தின் பள்ளத்துக்குள்ளேயே நின்றிருந்தது.