பதினான்கு நாள் சீட்டு

சூசின் பதினெட்டு வருடமாகச் சீனத்துச் சிற்றூர் ஒன்றின் நாட்டு மருந்துக் கடையில் வேரும் பட்டையும் நிறுத்துக் கொடுப்பவள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எதில் எது இருக்கிறதென்று பார்க்காமலே கை போகும். வைத்தியர் எழுதிய சீட்டை வாங்குவாள், கைத்தராசில் நிறுப்பாள், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவாள். கடைசியில் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். "சீட்டுல போட்ட நாளுக்குத்தான் மருந்து. முடிஞ்சதும் போய் நாடி காட்டுங்க, மாத்தி எழுதுவாரு. பழைய சீட்டத் தூக்கிக்கிட்டு இங்க வராதீங்க."

ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அதை என்னவென்று சொல்வது.

அவள் புருஷன் மாவ்லின் மலையூர்களுக்கு பஸ் ஓட்டுபவன். ஹூனான்காரன், மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. வண்டி நின்றதும் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து வெள்ளைச் சாராயமும் இறங்கும். இறங்கியதெல்லாம் ராத்திரி புளித்துத் தொண்டைக்கு ஏறும். படுத்தால் நெஞ்சு காந்துகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள்தான் அவனை வைத்தியர் நிங்கிடம் இழுத்துக்கொண்டு போனாள். நிங் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

"கல்லீரல் கோவத்துல இரைப்பைய இடிக்குது. ரோட்டுல எத்தன பேரத் திட்டுற ஒரு நாளைக்கு?"

"எண்ணினதில்லீங்க."

"எண்ண முடியாது போல இருக்கு. சரி, பதினாலு நாள் குடி. அப்புறம் வந்துடு, நாக்கப் பார்த்துட்டு மாத்தணும்."

பதினோரு சரக்கு எழுதியிருந்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு வேர் ஒன்று, காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், புளிப்பை அடக்கக் கணவாய் மீன் ஓட்டுப் பொடி. ஐந்தாம் நாளே மாவ்லின் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினான். பதினைந்தாம் நாள் காலையில், வேலை செய்கிற மருந்தை எதற்கு மாற்ற வேண்டும் என்று சூசினுக்குத் தோன்றியது. அதே சீட்டைப் பார்த்து மறுபடி நிறுத்துக் கட்டினாள். அப்படியே மூன்று வருடம் ஓடியது. எப்போதாவது புளிப்பு தலைதூக்கினால் கணவாய் ஓட்டை ஒரு சிட்டிகை கூட்டினாள், அடங்கிவிட்டது.

நிங் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை கடைக்கு ஆள் விட்டு, 'உன் வீட்டுக்காரனை வரச் சொல்லு, அந்த நாக்கை நான் பார்க்கணும்' என்று சொல்லி அனுப்பினார். சூசின் சரி சரி என்று தலையாட்டினாள், வீட்டில் வாய் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடலாம்: அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. டிரைவர்கள் எல்லாம் அவள் கைராசியைப் பேசினார்கள். மாவ்லின் அந்தச் சீட்டைத் தன் கையாலேயே நகல் எழுதி நெஞ்செரிச்சல்காரர்களுக்கெல்லாம் கொடுத்தான். அவன் சிநேகிதன் பெங் ஒன்றரை வருடமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மாவ்லினுக்கு ஆவியில் வெந்த ரொட்டி நெஞ்சில் நின்றுவிட்டது. அடுத்த வாரம் சோறு நின்றது. நகரத்து ஆஸ்பத்திரியில் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். உணவுக் குழாயில் புற்று, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது, அறுக்க முடியாது, எரிச்சலை மருந்து அடக்கி வைத்ததில் வெளியே தெரியாமல் வளர்ந்திருக்கிறது என்றார். "அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று வழக்கப்படி கேட்டார். புண் என்று சொல்லுங்கள் என்றாள் சூசின். அங்கே எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவான் என்பார்கள்.

மூன்று மாதமாக அவள் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். "இந்தப் புண்ணு ஆறட்டும், பார்" என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பெங் கடைக்கு வந்தான்.

"அண்ணி, பதினாலு பொட்டலம் கட்டுங்க. கணவாய் ஓடு கொஞ்சம் தாராளமா போடுங்க. வரவர உங்க மருந்து என்னை மதிக்க மாட்டேங்குது."

"எப்படி இருக்கு?"

"எரிச்சல் பரவாயில்ல. சாப்பிடறப்போ மட்டும் இங்க லேசா பிடிக்குது. வயசாச்சுல்ல, மெதுவா மெல்லுன்னு பொண்டாட்டி சொல்றா."

சூசின் தராசைக் கீழே வைத்தாள். சீட்டில் இருந்தது மாவ்லின் கையெழுத்து. சொன்னால் பெங்குக்கு ஓட்டை வாய், நாளைக்கே மாவ்லின் காதுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொருவனுக்கும் தன் கையாலேயே சாவைக் கட்டிக் கொடுத்ததாகும்.

"மருந்து கிடையாது பெங். நகரத்துக்குப் போய்க் குழாய் விட்டுப் பாரு."

"போங்க அண்ணி. பாம்ப முழுங்கற மாதிரி அதை யார் முழுங்குவா? கட்டுங்க."

"போகலேன்னா செத்துப்போவே."

பெங் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"மாவ்லினுக்குப் புண்ணு இல்ல, புத்து" என்றாள் அவள். "அவனுக்குத் தெரியாது. உன் பிள்ளை மேல ஆணையா நீ சொல்லக் கூடாது."

பெங் ஆணையிட்டான். பாவம், அவன் அதை மீறவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு பெட்டி பாலும் ஒரு கூடை முட்டையுமாக வீட்டுக்கே வந்துவிட்டான். சந்தோஷம் தாங்காத மனுஷனுக்கு எதைப் பேசுவது, எதை விடுவது என்று தெரியுமா?

"ஆரம்பமாம்டா மாவ்லின். குழாய் வழியாவே சுரண்டி எடுத்துட்டாங்க, மூணே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அண்ணி விரட்டலேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்."

தலையணையில் சாய்ந்திருந்த மாவ்லினும் சிரித்தான். "இவளா விரட்டினா? ஊரே ஆஸ்பத்திரிக்குப் போனப்போகூட இவ மருந்தத்தானே பெருமையடிச்சா. எதுக்கு விரட்டினா?"

பெங் முட்டைக் கூடையைப் பார்த்தான். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான். வண்டிக்கு நேரமாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். அவன் கால் சத்தம் படியில் இறங்கி முடிந்ததும் மாவ்லின் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் அதேவா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஆமா."

"சுரண்ட முடியாதா?"

"முடியாது. பரவிடுச்சு."

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"குழாய் விட்டாங்களே, அன்னிக்கே."

அவன் அழவில்லை. அவள் பக்கம் கையை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணுவே. பதினாலு நாள்ல வாடான்னாரு நிங். சாராயத்த விடச் சொல்வாருன்னு நான்தான் போகல."

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்தபடி அவள் அழுதுவிட்டு எழுந்து போயிருக்கலாம், அவனும் அவளை மன்னித்தபடியே போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் நாலு மாதம் பொய்யிலேயே இருந்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நிங் ரெண்டு தடவை ஆள் விட்டாரு மாவ்லின். உன் நாக்கப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பினாரு. மருந்துதான் கேக்குதேன்னு நான் உங்கிட்ட சொல்லவே இல்ல."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"முதல் தடவை எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

மாவ்லின் மனதுக்குள் கணக்குப் போட்டான். உதடு அசைந்தது. பிறகு அவள் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

அடுப்பில் கஞ்சி சூடாக இருந்தது. அவள் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, ஆற்றி, கரண்டியை அவன் வாயருகே கொண்டு போனாள். அவன் வாய் திறக்கவில்லை.

"பெங்குக்குப் போன் பண்ணு" என்றான். "நாளையிலிருந்து அவன் வந்து ஊட்டட்டும்."