நாடுகள் சபையில் எங்கள் வீடு

எங்கள் வீடு போன ஆனி மாதம் தனி நாடாகிவிட்டது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் இந்துமதிக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வரவேண்டும். ஆனால் நாடுகள் சபையில் சேராத நாட்டுக்குள் யாரையும் விட முடியாது என்று கேட்டில் நிற்கும் எல்லைக் காவலர் சொல்லிவிட்டார். ஜனநாயகமும் மனித உரிமையும் இருந்தால்தான் சபையில் சேர்ப்பார்களாம். இரண்டும் வீட்டில் இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. பரணில்கூடத் தேடிவிட்டேன்.

இந்துமதி கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம்மா. விட்டு விட்டு வலிக்குது."

சபையிலிருந்து வந்த அதிகாரியம்மா, "இங்க யார் ஆட்சி?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"யார் தேர்ந்தெடுத்தது?"

"இவ அப்பாதான். ஜாதகம் பார்த்து."

அது செல்லாது என்று அதிகாரியம்மா அப்போதே தேர்தல் வைத்தார். நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். நான் ஜெயித்தால் அவர் சாப்பிட மாட்டாரே என்று பயந்து அவருக்கே போட்டேன். அவரும் அவருக்கே போட்டுக்கொண்டார்.

"எதிர்க்கட்சி இல்லாம சேர்க்க முடியாது. நீங்க எதிர்த்து ஏதாவது சொல்லுங்கம்மா."

எதை எதிர்ப்பது? வெளியே இந்துமதி முனகுகிறாள்.

"சாம்பார்ல உப்பு கம்மி," என்றேன்.

"நீ வச்ச சாம்பார்தானேடி!"

"அரசு பதில் சொல்லுது. நல்லது," என்ற அதிகாரியம்மா, ஷோகேஸில் இருந்த பீங்கான் கோப்பைகளின் முன் நின்றார். "இவங்களை எப்போ அடைச்சீங்க?"

"என் கல்யாணத்துக்கு வந்ததுங்க. பெரிய ஆளுங்க யாராவது வந்தா எடுக்கலாம்னு..."

"விசாரணையே இல்லாமலா?"

பூட்டைத் திறந்தேன். கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வாசலைத் தாண்டிப் போயின. இந்துமதி காலை ஒதுக்கி வழிவிட்டாள். ஒன்று மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் படியிலேயே நின்றது. அதைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது?

அதிகாரியம்மா சுவரில் முத்திரை குத்தினார். காவலர் கேட்டைத் திறந்தார். இந்துமதி இடுப்பைப் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"வலி எப்படிடி இருக்கு?"

"வலியைச் சுங்கத்துல நிறுத்தி வச்சுட்டாங்கம்மா. திங்கட்கிழமை காலையில அனுப்புவாங்களாம்."

திங்கட்கிழமை காலையில் ராகுகாலம். அது முடிந்த பிறகு அனுப்பினால் போதும் என்று காவலரிடம் சொல்லிவிட்டு, அவளுக்கு ரசம் சோறு பிசைந்தேன்.