கறுப்பு வயர்

திங்கட்கிழமை வெளிநாட்டு கஸ்டமர் வருவதாக இருந்தது. கம்பெனி கேட்டிலிருந்து கேன்டீன் வரை புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. சனிக்கிழமை காலை, வல்லம் வடகால் சிப்காட்டில் வெயில் ஏற ஏற, தாண்டவராயன் புல்வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். அது இருமக்கூட இல்லை.

அட்மின் ஆபீஸ் சுபஸ்ரீ மேடம் நேற்றே சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் மெஷின் நின்னுதுன்னா புல் வேலை முழுக்க வேற ஏஜென்சிக்குப் போயிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." தாண்டவராயன், அவனோடு புல் வெட்டும் ரத்தினம், களை பிடுங்கும் சந்திரம்மாள், நாச்சியார். நாலு பேருடைய வேலையும் அந்த மெஷினை நம்பித்தான் இருந்தது.

"இன்னா மச்சான், காத்தால இருந்து அதுக்குத் தாலாட்டு பாடினுகீற?" என்றான் ரத்தினம். வடக்குப்பட்டுக்காரன். ஆறு வருஷமாக ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து, ஒருவன் குழம்பை மற்றவன் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவன்.

"பெட்ரோல் போவுதுடா. நெருப்புதான் வரல. வா, லீவரப் புடி."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, அதன் தொப்பியில் மாட்டி, இன்ஜின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். நீலமாக ஒரு பொட்டு தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. புது பிளக் போட்டான். அதிலும் இல்லை.

"நெருப்பு குடுக்குற காயிலே பூட்ச்சு," என்றான் ரத்தினம். "அன்னிக்கு நீ அடிச்ச தண்ணி. உள்ள எறங்கி மொத்தமா முடிச்சிட்ச்சு. மேடங்கிட்ட சொல்லிடலாம், வா."

தாண்டவராயனுக்குச் சுருக்கென்றது. போன மாதம் ஆடிட்டுக்கு மெஷின் பளபளக்க வேண்டும் என்று, வண்டி கழுவும் ஹோஸால் அதைக் கழுவியது அவன்தான். மறுநாள் மெஷின் நின்றுபோனது; இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் மறுபடி ஓடியது. தன் தப்புதான் என்று மேடம் முன்னால் கைகட்டி நின்றான். சந்திரம்மாள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் ரத்தினம் ஒருவன்தான். "மனுசன்னா தப்பு பண்ண மாட்டானா, வுடு" என்று தோளைத் தட்டினான்.

"காயிலச் சொல்றதுக்கு மின்னாடி நிறுத்துற வயரக் கழட்டிப் பாத்துடணும்," என்றான் தாண்டவராயன்.

லீவரை விட்டதும் இன்ஜின் நிற்பது அந்தக் கறுப்பு வயரால்தான். அது மெஷின் உடம்பில் எங்காவது பட்டால் நெருப்பு அந்த வழியே ஓடிவிடும், பிளக்குக்கு வராது.

"வுட்றா. அதப் போய் நோண்டாத."

அந்தக் குரலில் கேலி இல்லை. தாண்டவராயன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தான். மேல்மூடியைத் திறந்து, காயிலிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு, மூடியை மாட்டி இழுத்தான். டிக். நீலப் பொறி. இன்னொரு தடவை இழுத்தான். இன்னொரு பொறி.

வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். கைப்பிடி மடங்கும் இடத்தில், போல்ட்டோடு சேர்த்துப் புது டேப் சுற்றியிருந்தது. முனையை நகத்தால் தேட வேண்டியிருக்கவில்லை. அது மடிக்கப்பட்டு, சின்னக் காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பை அப்படி மடிப்பவன் அங்கே ஒருவன்தான். பிரிக்கிறவனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்பான். அடியில் வயரின் தோல் பிளேடால் சீவப்பட்டு, உள்ளிருந்த செம்புக் கம்பி போல்ட்டில் அழுந்திக் கிடந்தது.

தாண்டவராயன் டேப்பை விரலில் பிடித்தபடி ரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தான். ஷிஃப்ட் பஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாகித் திரும்பிப் போயின. ரத்தினம் இன்னும் லீவரை அமுக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"சூப்பர்வைசர் போஸ்ட் தரேன்னாங்க," என்றான் கடைசியில். "அந்த ஏஜென்சில. உன் பேரையும் சொல்லிகீறேன் மச்சான், சத்தியமா."

"சந்திரம்மா பேரு?"

ரத்தினம் லீவரை விட்டுவிட்டுத் தள்ளி நின்றான்.

"போன மாசமும் நீதானா?"

"நீயாதான் தண்ணின்னு சொல்லிக்கின," என்றான் ரத்தினம் தரையைப் பார்த்து. "நான் சொல்லல."

கோபம் வரும் என்று தாண்டவராயன் காத்திருந்தான். வரவில்லை. வேப்பமரத்தடியில் அந்தக் கை தோளில் பட்டபோது தன் கண் கலங்கியதுதான் நினைவுக்கு வந்தது. அதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

வயரைப் போல்ட்டிலிருந்து விலக்கி, சீவிய இடத்தை டேப்பால் மூடிச் சுற்றினான். வயரையும் பிளக்கையும் அதனதன் இடத்தில் மாட்டினான். இரண்டாவது இழுப்பில் மெஷின் உறுமியது. சத்தம் கேட்டு மேடம் வெளியே வர, லீவரை விட்டு நிறுத்தினான்.

"அப்பாடா! என்னதான் ஆச்சு தாண்டவராயன்?"

"வயரு பாடில பட்டுனு இருந்துச்சு மேடம். போன மாசமும் இதான். தண்ணியால இல்ல."

"அது எப்படிப் போய்ப் படும்?"

ரத்தினம் அவனைப் பார்த்தான். ஆறு வருஷத்தையும் அந்த ஒரு பார்வையில் வைத்துக் கெஞ்சினான். தாண்டவராயன் அதை முழுதாக வாங்கிக்கொண்டான். கேட்டருகே சந்திரம்மாள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவரக் கேளுங்க மேடம்," என்றான். "அவர்தான் டேப்பு சுத்தனாரு."

பிறகு லீவரை அமுக்கி, கயிற்றை இழுத்து, மெஷினைத் தள்ளிக்கொண்டு புல்லில் இறங்கினான். அந்த இரைச்சலில் பின்னால் யார் என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. வரிசையின் கடைசி வரை போனவன், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் சிறிது நேரம் அப்படியே நின்றான்.