சாக்பீஸ் கோடு

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை சுமக்கிற லூர்தம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஆறு வயது மகள் சகாயராணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பச்சியப்பன் வாத்தியாரைப் பழிவாங்கத்தான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் மனசுக்குள் அந்த ஆளைத்தான் மென்று துப்பிக்கொண்டிருந்தாள்.

போன கார்த்திகையில் ஆரம்பித்தது. சகாயராணி காலையில் எழுந்ததும் தலைவலி என்று அழுவாள், வாந்தி எடுப்பாள். எடுத்து முடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விடுவாள். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. நடையும் தள்ளாடியது. நம்ம வாத்தியார் மகா புத்திசாலி அல்லவா, வகுப்புத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"எங்க, இதுமேல நடடி. கள்ளு குடிச்சிட்டு வந்தியான்னு பாக்கலாம்."

பிள்ளை சாய்ந்து விழுந்தாள். வகுப்பே சிரித்தது. சாயந்திரம் தாயைக் கூப்பிட்டு, "மட்டம் போட நடிக்கிறாம்மா. நாலு போடுங்க, சரியாப் பூடும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து, பிள்ளைக்குக் கண் மாறுகண்ணான பிறகுதான் பெங்களூர். அங்கே டாக்டரம்மா செய்ததும் அதே வேலைதான். தரைக்கற்கள் சேருகிற கோட்டைக் காட்டி, அதன்மேல் நடக்கச் சொன்னார். நாலடி பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் புற்றுக்கட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவதாம். மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்கியதால்தான் அந்த வாந்தி. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. அறுத்து எடுத்தார்கள், தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு என்று முப்பது நாள் கரண்ட் வைத்தார்கள். பிழைப்பாளா என்பது இரண்டு வருஷம் போனால்தான் தெரியும்.

வகுப்பில் மகளை இறக்கிவிட்டாள். மொட்டைத் தலை, பிடரியில் நீளமாகத் தையல் தழும்பு. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். லூர்தம்மாள் மேசைமேல் இருந்த சாக்பீஸை எடுத்துச் சுவரிலிருந்து சுவர்வரை கோடு கிழித்தாள்.

"நடங்க சார்."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா..."

"தெரியாமத்தான எம்பிள்ளைய ஊரு சிரிக்க வச்சீங்க? நடங்க!"

நடந்தார். இரண்டு தடவை கோட்டைவிட்டு விலகினார்.

"இப்பச் சிரிங்க புள்ளைங்களா!" என்று கத்தினாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளுக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்தது.

சகாயராணி இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்து நீ நடம்மா."

"நான் எதுக்குடி?"

"நீயுந்தான, நான் நடிக்கிறேன்னு சொல்லிப் புளியங்குச்சியால அடிச்ச. வாந்தி எடுக்க எடுக்க அடிச்ச."

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை லூர்தம்மாள் கீழே போட்டாள். கோட்டின் முனையில் போய் நின்று, ஒரு காலை எடுத்து வைத்தாள்.