கறுப்புக்கரைப் பாட்டுகள்

1985ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு நடுக்கடலில் மூழ்கித் தாண்டுபோன கப்பலொன்றின் மாலுமிகள் டென்மார்க்கின் இஷொய்யில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து தேநீர் குடித்தார்கள். அவர்கள் இறந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. சீனி கூடக் கேட்டார்கள். மாரியில் லீக்ஸ் விலை ஏறுவதுபோல இதுவும் அந்த வட்டாரத்தில் கொஞ்சநாள் பேசப்பட்டுப் பிறகு பழகிப்போன சங்கதிதான். நம்பாதவர்கள் படிக்கட்டில் காய்ந்து கிடந்த உப்பை நக்கிப் பார்த்திருக்கலாம், ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த வீட்டில் குடியிருந்தவள் மன்னார்ப் பேசாலையைச் சேர்ந்த விமலராணி. ஆறு வயது மகள் எமிலியாவோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்து, தமையன் பஸ்தியாம்பிள்ளையோடு தங்கியிருந்தாள். கணவன் சூசைதாசன் வள்ளத்து எஞ்சினை விற்றுவிட்டு வருவதாகப் பின்தங்கினார். பிறகு இராமேசுவரம் போகும் படகொன்றில் ஏறினார் என்பது வரைக்கும் தெரியும். படகு கவிழ்ந்தது என்றார் ஒருவர், மண்டபம் முகாமில் கண்டேன் என்றார் இன்னொருவர். மன்னார் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து, இங்கே ஆசுபத்திரிக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளைக்கு எதையும் அந்தரத்தில் விடுவது பிடிக்காது. பூசை ஒப்புக்கொடுத்துக் கல்வெட்டும் அடித்துவிடுவோம் என்று வற்புறுத்தினார். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல, செத்தவரின் பிறப்பையும் பெருமையையும் பிரிவையும் பாட்டாக்கி, கறுப்புக்கரை போட்டு அச்சடித்து, உறவினர் கூடியிருக்க இராகத்தோடு படிப்பது.

"கல்வெட்டு அடிச்சா நாங்களே அவரைச் சாக்காட்டின மாதிரி. நான் விடமாட்டன் அண்ணை" என்றாள் விமலராணி. அதன்பிறகு அண்ணனும் தங்கையும் பேசுவது சோறு, கறி, பஸ் பற்றி மட்டும் என்றாகியது.

இந்தக் கட்டத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கட்டடத்தின் விசவேர்ட் பிரெபன், அதாவது குழாயும் படியும் பார்க்கும் மனிதர், நிலவறையில் அவர்களுக்குரிய அறையின் திறப்பைக் கொடுத்தார். முன்பு குடியிருந்த டேனிஷ் பெண்மணி அங்கே ஒரு பெட்டியை விட்டுவிட்டு இறந்திருந்தாள். அவளுடைய தகப்பன் இளமையில் அமெரிக்கா போய், நியூயோர்க் தெருக்களில் கயிறு கட்டிப் பாட்டுத்தாள் தொங்கவிட்டு விற்றுத் திரும்பியவர். பெட்டி நிறைய விற்காமல் போன தாள்கள். கப்பல் மூழ்கியதற்கு ஒரு பாட்டு, கொலைக்கு ஒன்று, தீ விபத்துக்கு ஒன்று, விழுந்து விழுந்து சிரிக்க ஒன்று என்று அந்தக் காலத்து அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஒற்றைத்தாளில் பாட்டடித்து விற்றார்கள். அச்சுக்காரர்கள் அழகுக்காக எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக்கரை போட்டிருந்தார்கள். கறுப்புக்கரை, நடுவில் பாட்டு, மேலே ஒரு படம். பஸ்தியாம்பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? "இவ்வளவும் கல்வெட்டு! படிக்க ஒரு சனமில்லாமல் நிலத்துக்குக் கீழ கிடக்குது" என்று நெஞ்சில் கை வைத்தார். அது உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக மன்றாடும் மாதம் வேறு. சனிக்கிழமைகளில் செபமாலை முடிந்ததும் ஒவ்வொரு தாளாகப் படிப்பது என்று முடிவாயிற்று.

தாள்களில் சுரம் எதுவும் இல்லை, இன்ன பாட்டின் மெட்டில் பாடவும் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த இன்ன பாட்டு இஷொய்யில் எவருக்கும் தெரியாது. ஆகவே தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிக்கும் இராகத்தை எடுத்து, பஸ்தியாம்பிள்ளை நீதிமன்ற ஆங்கிலத்தில் இழுத்துப் பாடினார். முதல் தாளிலேயே மாலுமிகள் வந்துவிட்டார்கள். அடுத்த கிழமை கலிபோர்னியாவில் பொன் தோண்டப்போய்க் காய்ச்சலில் செத்த ஒருவன் இருமிக்கொண்டு வந்தான். அவனுக்கு மல்லித்தண்ணி கொடுத்தார்கள். சோகப்பாட்டுக்கும் பகிடிப்பாட்டுக்கும் வித்தியாசம் பிடிபடாததால், காற்சட்டையைப் பன்றி இழுத்துப் போன கதையையும் அவர் கண்ணீரோடு படித்தார். பன்றி முன்னாலும் காற்சட்டை இல்லாத கனவான் பின்னாலும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மேரிசெலின் ஒரு போர்வை கொடுத்தாள். வந்தவர்கள் பாட்டு நடக்கும்வரை இருந்தார்கள், கடைசி அடி முடிந்ததும் போய்விட்டார்கள். ஒரே தாளை இரண்டாம் முறை படித்தால் யாரும் வருவதில்லை. பிரெபன் படிக்கட்டு ஈரத்தைப் பார்த்து, குழாய்களைச் சோதித்து, அவற்றில் குறையில்லை என்று கண்டு, ஈரம் துடைக்கும் தடியொன்றை மூன்றாம் மாடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மேரிசெலின் குறும்புக்காரி. டொரொன்டோவில் இருக்கும் தன் தம்பி பீற்றர்மேல் ஒரு கல்வெட்டுக் கட்டிக் கறுப்புக்கரையும் கீறிப் படித்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுநாள் பீற்றரே தொலைபேசியில் கூப்பிட்டு, நல்ல சுகம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். செத்தவர்தான் வருவார், உயிரோடிருப்பவர் வரமாட்டார் என்பது அப்போது தெளிவாயிற்று. சிரிப்பு அடங்கியபோது எல்லாருடைய கண்ணும் விமலராணிமேல் இருந்தது.

"அண்ணை, அவருக்கு ஒண்டு எழுதுங்கோ."

"நீதானே வேண்டாமெண்டு நிண்டனி?"

"ஓம். இப்ப வேணும். வராட்டி உயிரோட இருக்கிறார்."

"வந்தா?"

"வந்தா, முகத்தையெண்டாலும் பாப்பன்."

பஸ்தியாம்பிள்ளை பேனையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். தமிழ் அச்செழுத்து டென்மார்க்கில் கிடையாது. முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி, அமெரிக்கத் தாளிலிருந்து மூன்று பாய்மரமுள்ள கப்பலொன்றை வெட்டி மேலே ஒட்டி, தாங்கள் டேனிஷ் படிக்கும் மொழிப்பள்ளியின் கொப்பி மெசினில் போட்டு எடுத்தார்கள். பேசாலைக் கண்ணாடியிழைப் படகுக்கு அந்தப் படம் கொஞ்சம் அதிகம்தான்.

மார்கழி முதற் சனி பிற்பகல் படிக்கத் தொடங்கினார்கள். பிறப்புப் பாடியாயிற்று, ஞானஸ்நானம் பாடியாயிற்று, கலியாணம் பாடியாயிற்று. வாசலில் ஒருவரும் இல்லை. படகேறிய அடிகளும் வந்துபோயின. மேரிசெலின் விமலராணியின் கையை இறுக்கிப் பிடித்து, "வரேல்லையடி, வரேல்லை" என்றாள். விமலராணியின் முகத்தில் மாதக்கணக்காகக் காணாத வெளிச்சம் வந்தது. அப்போது மணி அடித்தது. மாலுமிகளோ பன்றியோ மணியடித்ததில்லை. உயிருள்ள ஆள்தான் மணியடிப்பான் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சூசைதாசன் கட்டியிருந்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். எவர் வீட்டுக்குள்ளும் சொல்லாமல் நுழைந்து பழக்கமில்லாத மனிதர், செத்த பிறகும் அப்படியே இருந்தார்.

"எஞ்சின் விக்கேல்லை, ராணி" என்றார்.

விமலராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதாள். இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த அழுகை அது. பிறகு அவரை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, முந்தானையால் தலையைத் துவட்டினாள். எமிலியா கிட்ட வந்து, ஈரக்கையைத் தொட்டுப் பார்த்து, மடியில் ஏறிக்கொண்டாள். பஸ்தியாம்பிள்ளை இழுத்து இழுத்துப் படித்தார். எவ்வளவுதான் இழுத்தாலும் தாளில் ஒரு அடிதான் மிச்சம் இருந்தது. அதற்கு அவர் வாய் திறந்தபோது விமலராணி முந்திக்கொண்டாள். அதே இராகத்தில், கதவு திறந்து கிடக்குது, குளிர் வருகுது, ஆராவது சாத்துங்கோ என்று பாடினாள். மேரிசெலின் கதவைச் சாத்தினாள். சூசைதாசன் போகவில்லை. பருப்பு அடுப்பில் கிடக்குது என்று அடுத்த அடியைப் பாடினாள். பஸ்தியாம்பிள்ளை தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, தங்கையின் குரலுக்குப் பின்பாட்டுப் பிடித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை. தொழிற்சாலையிலும் ஆசுபத்திரியிலும் முறைவேலை செய்து பழகிய சனம், பாடுவதற்கும் முறை வைத்துக்கொண்டது. அதிகாலையில் மேரிசெலின் பாடினாள், மத்தியானம் பஸ்தியாம்பிள்ளை பாடினார், அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்தும் ஆட்கள் ரயிலில் வந்து பாடிவிட்டுப் போனார்கள். நித்திரை கொள்ளவிடாத சத்தம் என்று முறையிட வந்த கீழ்வீட்டுக்காரரைப் பிரெபன் மேலே கூட்டிவந்து காட்டினார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி, வியாழக்கிழமைகளில் தனக்கு ஓய்வு என்றார். சூசைதாசனின் காலுக்குக் கீழே வைக்கப்பட்ட தண்ணீர்ப் பேசினைப் பிரெபன்தான் நாளுக்கு இரண்டுதரம் வெளியே ஊற்றினார். எமிலியா பள்ளிக்கூடத்துக் கதையை டேனிஷிலேயே பாடினாள். இராகத்துக்குள் அது நிற்கவில்லை என்று மாமன் முணுமுணுத்தார். தகப்பனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவள் பாடும்போது மட்டும் தலையாட்டினார்.

வருடம் இரண்டு போய்விட்டது. மாலை முறை விமலராணியுடையது. மீன் பதனிடும் இடத்தில் வேலை முடித்து வந்து, கைகழுவி, அவருக்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு தொடங்குவாள். இராகம் பழைய வியாகுல இராகம்தான். சொல்லுவதெல்லாம் பஸ் பிந்தியது, மேற்பார்வைக்காரி ஏசியது, இன்றைக்குக் கறிக்கு என்ன என்பது. நேற்று எமிலியாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதைச் சொல்ல நாலு அடி பிடித்தது. சூசைதாசன் எந்தப் பல் என்று கேட்டார்.