ஷட்டர் மூடிய வேன்

என் மூத்த சகோதரி நூருன்னிஸா ராத்தாவோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. நானும் நாற்பது வருடமாக முயன்று களைத்துப் போய்விட்டேன்.

அவளுடைய கணவர் றஹீம் மச்சான் மவுத்தாகி நாற்பத்தொரு நாள். ராத்தா இத்தாவில், கணவரை இழந்தவளின் காத்திருப்புக் காலத்தில், இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். ஆனால் காலில் வந்த புண்ணுக்கு இத்தா தெரியுமா? சீனி வருத்தக்காரி, இரத்தத்தில் சர்க்கரை. பெருவிரல் புண் ஆறவேயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கண்டியில் கிளினிக்.

போன தடவை மச்சானின் பழைய டொல்பின் வேனில்தான் கூட்டிப் போனேன். எல்லாப் பக்கமும் திரை போட்டு, ஜன்னல் கண்ணாடி ஷட்டர் எல்லாவற்றையும் இறுக்கி மூடி. அக்குறணை நெரிசலில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். திரும்பிப் பார்த்தால் ராத்தா மயங்கிக் கிடக்கிறாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் வீட்டுக்கே போகணும் என்று அடம்பிடித்தாள், பாதி வழியில் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மறுநாள் நான் மட்டும் போய் விஷயத்தைச் சொன்னபோது, இன்னொரு தடவை தவறினால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த இன்னொரு தடவை நாளைக்கு.

"ஷட்டரக் கொஞ்சம் திறந்தா என்ன ராத்தா? குத்தமில்லன்னு மௌலவியே சொன்னாரே."

"மௌலவி சொல்லுவாரு. சந்தியில நிக்கிறவங்க வாய யாரு மூடுறது? புருசன் போய் ரெண்டு மாசம் ஆகல்ல, காத்து வாங்கிக்கிட்டுப் போறாள்னு சொல்லுவாங்க."

"அப்ப நான் ஏசியத் திருத்துறேன்."

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொண்ட அழகைத்தான் அக்குறணையில் பார்த்தேனே. நான் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடையில் ஆறு நாள் நின்றபடி வேலை செய்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் முதுகை நீட்டிப் படுக்கக் கிடைப்பது. அன்று அலுவிகாரையில் ராத்தா வீட்டுப் பலாமரத்துக்குக் கீழே, வேனின் முன் சீட்டைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, அதற்கடியில் இருக்கும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். ஏசி வேலை தெரிந்த, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நப்லானைக் கூப்பிட்டிருக்கலாம். ராத்தாவின் அறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, வெளி ஆள் வரக் கூடாது என்றுவிட்டாள். அதனால் நப்லான் போனில் வந்தான். நான் வீடியோவில் காட்ட, அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு வைத்தியம் சொன்னான். கொடுத்து வைத்தவன்.

"குளிர் தர்ற காஸ் போயிருக்கும் நப்லான். மச்சான் மூணு வருசமா அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"காஸ் கதைய விடுங்க நானா. கம்ப்ரஸருக்கு பெல்ட்டே இல்லையே."

"அறுந்து விழுந்திருக்குமோ?"

"அறுந்தா அங்க இங்க துண்டு கிடக்கும். இது வேணும்னு கழட்டினது. பாருங்க, போல்ட்டத் திரும்ப இறுக்கி கிறீஸும் பூசியிருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏசியைப் பற்றி யார் கேட்டாலும் 'காஸ் இல்ல' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார் மனுஷன். மவுத்தானவரைத் திட்டக் கூடாது. மனசுக்குள் திட்டினேன்.

"தம்புள்ளைக்கு ஓடின வேன், தூசி அடைச்சிருக்கும். டேஷ்போட் பெட்டியக் கழட்டி, உள்ளுக்குக் கூலிங் கொயிலையும் பாத்துருங்க" என்றான் நப்லான்.

பெட்டிக்கு நாலு ஆணி. மூன்று வந்தன, நாலாவது துருப்பிடித்து என் கையைக் கிழித்துவிட்டுத்தான் வந்தது. பெட்டிக்குள் மச்சானின் தொப்பி, பற்றரி இல்லாத டோர்ச், பழைய பில்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு புது பெல்ட்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெல்ட்டும் வாங்கி வைத்திருக்கிறார். போடுவதற்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலச் சோம்பலுக்காக ராத்தா மயங்கி விழுந்தாளா என்று நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொயிலைப் பார்த்தால் அது கொயிலே இல்லை, வெங்காயத் தோல் மெத்தை. பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தம்புள்ளையிலிருந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏற்றி வந்து பல்லேபொலப் பக்கம் விற்றவர் மச்சான். இரண்டு விரலை விட்டுப் பிய்த்துப் பிய்த்து ஒரு பை நிறைய எடுத்தேன். மூக்கில் நெடி ஏறி, கண்ணில் தண்ணீர் ஒழுகியது. பிறகு பெல்ட்டை மாட்டி இறுக்கினேன். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் டக் என்று பிடித்தது. காஸ் ஓடும் குழாயில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் குமிழி வந்துகொண்டே இருந்தால் காஸ் குறைவு என்றான் நப்லான். முதலில் நுரைநுரையாக வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மெல்ல மெல்லத் தெளிந்தது.

"மூணு வருசம் சும்மா கிடந்தும் காஸ் தங்கியிருக்கே. அல்ஹம்துலில்லாஹ். இனிப் போய்ப் படுங்க நானா."

நான் படுக்கவில்லை. பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரம், ராத்தாவின் ஜன்னலடியில் போய் நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பது தெரிந்தது.

"ஏசி வேலை செய்யுது. காஸ் கோளாறும் இல்ல, ஒண்டும் இல்ல. மச்சான் புது பெல்ட்ட வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்காரு. மாட்டச் சோம்பல். சும்மா பொய் சொல்லிக்கிட்டிருந்திருக்காரு."

திரை அசைந்தது.

"அவர ஒண்டும் சொல்லாத" என்றாள் ராத்தா. "நாட்டுல டீசல் இல்லாத காலத்துல, வரிசையில ரெண்டு நாள் வேனுக்குள்ளயே கிடந்தாரே, அப்ப நான்தான் சொன்னேன். ஏசி டீசல் குடிக்குது, பெல்ட்டக் கழட்டிருங்கன்னு. கழட்டினாரு. வரிசை முடிஞ்ச பிறகும் நான் விடல்ல. பொஞ்சாதி விடல்லன்னு சொல்ல வெக்கப்பட்டு, காஸ் இல்லன்னு எல்லாருக்கும் சொன்னாரு."

நான் பெல்ட்டின் வெற்று உறையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்தப் போகத்துல வெங்காயம் ஏத்தப் போகக்குள்ள கேட்டாரு. சீட்டுக்குக் கீழ எஞ்சின், அடுப்புல குந்தின மாதிரி இருக்கு புள்ள, பெல்ட் வாங்கிட்டேன், போட்டுக்கவான்னு. வெங்காயம் முடியட்டும்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனாரு."

அந்த லோடோடு வரும்போதுதான் மச்சான் நாவுலயில் ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்தார். பிறகு எழும்பவில்லை.

"ஹார்ட்ன்னுதானே டாக்டர் சொன்னாரு ராத்தா."

"சொன்னாரு" என்றாள். அத்தனை நேரம் மச்சானைத் திட்டிய என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல் இருந்தது.

காலையில் ராத்தா முகத்தை மூடிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து ஏறினாள். திரைகளை நானே சரி பார்த்தேன். ஏசி நன்றாகவே குளிர்ந்தது. மாத்தளை டவுன் தாண்டும்போது, எப்படியோ மிஞ்சியிருந்த இரண்டு மூன்று வெங்காயத் தோல் காற்றோடு பறந்து போய் அவள் மடியில் விழுந்தன. அவள் தட்டிவிடவில்லை.

அக்குறணையில் வழக்கம்போல் நெரிசல். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எனக்கே கைரோமம் சிலிர்த்தது. கண்ணாடியில் பார்த்தேன். மயங்கவில்லை, நிமிர்ந்துதான் இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஹாஷிம், நிப்பாட்டு."

"நடு ரோட்டுல எப்பிடி ராத்தா?"

"வேன இல்ல. ஏசிய நிப்பாட்டிட்டு ஷட்டரத் திற."

"ஆக்கள் பாப்பாங்க."

"பாத்துட்டுப் போகட்டும். என்னால இந்தக் குளிருக்குள்ள இருக்க ஏலாது."

ஏசியை நிறுத்தினேன். நான் எழும்பி வருவதற்குள் அவளே திரையை ஒதுக்கி, கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். பஸ் புகையும் அனலும் முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற திரீவீல்காரன் எட்டிப் பார்த்தான். ஒரு ஞாயிறு முழுக்க நான் கிடந்து மாரடித்த வேலை அது. எனக்குக் கோபமே வரவில்லை.

கிளினிக் போய்ச் சேரும்வரை ராத்தா அந்த ஷட்டரை மூடவில்லை. மயங்கவும் இல்லை.